சுவரில் இருந்த எழுத்து



ஓர் அரசியல் உருவகக் கதையை வகுப்பறையில் எப்படிப் படிக்கிறோம், அதையே திரையில் எப்படிப் பார்க்கிறோம் என்பதுதான் இன்றைய என் பேச்சுப் பொருள். இதற்கு ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யை எடுத்துக்கொள்கிறேன். பத்தே அத்தியாயம் கொண்ட சின்னப் புத்தகம். பீகாரிலுள்ள மோதிஹாரியில் 1903இல் பிறந்த ஆங்கிலேயர், 1943 நவம்பருக்கும் 1944 பிப்ரவரிக்கும் நடுவில் போர்க்கால லண்டனில் இருந்துகொண்டு எழுதியது. குடிகாரப் பண்ணைக்காரன் ஜோன்ஸை விலங்குகள் விரட்டியடிக்கின்றன. எல்லாரும் சமம் என்று ஏழு விதிகள் வகுத்துக்கொள்கின்றன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பன்றிகளின் கையில் எல்லாம் போய்ச் சேருகிறது. கடைசிக் காட்சியில் பன்றியும் மனிதனும் ஒரே மேசையில் சீட்டாடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் விலங்குகளுக்கு எது பன்றி, எது மனிதன் என்று தெரியாமல் போகிறது. கதை அவ்வளவுதான். இங்கே பாதிப் பேருக்கு மேல் அது தெரிந்திருக்கும்.

இதைப் புரட்சியின் கதை என்கிறார்கள், சர்வாதிகாரத்தின் கதை என்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் பல ஆண்டுகள் மாணவர்களோடு உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. இது எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும், தெரிந்தும் வாய் திறக்காதவர்களையும் பற்றிய கதை. அதனால்தான் இதற்குப் பொருத்தமான இடம் பள்ளிக்கூடம் என்று நினைக்கிறேன். இதைத் திரைக்குக் கொண்டுபோனவர்கள் ஒவ்வொரு முறையும் தடுமாறியதற்கும் காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

முதலில் சுவரைப் பார்ப்போம். ஜோன்ஸ் வீட்டுப் பிள்ளைகள் குப்பையில் எறிந்த பழைய எழுத்துப் பாடநூல் ஒன்று பன்றிகளுக்குக் கிடைக்கிறது. அதை வைத்து மூன்று மாதத்தில் படிக்கக் கற்றுக்கொள்கின்றன. புரட்சி முடிந்ததும் களஞ்சியத்தின் தார் பூசிய சுவரில் ஸ்னோபால் என்ற பன்றி ஏணியில் ஏறி நின்று ஏழு விதிகளையும் வெள்ளைப் பெயின்டில் எழுதுகிறது. முப்பது கஜத்துக்கு அப்பாலிருந்து படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. ஒரு சொல்லில் எழுத்துப் பிழை, ஓர் எழுத்து திரும்பி நிற்கிறது. அந்த ஏணியில் சில படிகள் கீழே நின்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருக்கும் பன்றி யார் தெரியுமா? ஸ்குவீலர். பின்னால் இதே சுவரை இரவோடிரவாகத் திருத்தப்போகிற அதே ஸ்குவீலர். ஆர்வெல் இதை ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் வாசிப்பில் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்த அத்தியாயத்தில் எல்லா விலங்குகளுக்கும் எழுத்துப் பாடம் நடக்கிறது. இந்தப் பக்கத்தை ஆசிரியர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு நாவலின் மையமே இங்கேதான் இருக்கிறது. நாய்களுக்கு நன்றாகவே படிக்க வருகிறது, ஆனால் ஏழு விதிகளைத் தவிர வேறெதிலும் அவற்றுக்கு நாட்டமில்லை. முரியல் என்ற வெள்ளாடு கிழிந்த செய்தித்தாளைக்கூடப் படித்துச் சொல்கிறது. மோலி என்ற குதிரை தன் பெயருக்கு வேண்டிய எழுத்துகளோடு நிறுத்திக்கொள்கிறது. பாக்ஸர் என்ற வண்டிக்குதிரை நாலாவது எழுத்தைத் தாண்டவில்லை. குளம்பால் புழுதியில் எழுதிப் பார்த்து, காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று முழு மூச்சாக யோசித்து யோசித்துத் தோற்றுப்போகிறது. க்ளோவர் என்ற பெட்டைக் குதிரை எல்லா எழுத்தையும் கற்றுக்கொள்கிறது, ஆனால் கூட்டிப் படிக்க வரவில்லை. கழுதை பெஞ்சமினுக்கு எந்தப் பன்றிக்கும் குறையாமல் படிக்கத் தெரியும். அது படிப்பதில்லை. படிக்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்பது அதன் கட்சி.

இனி நடக்கப்போகிற அத்தனையும் இந்தப் பட்டியலிலிருந்தே கிளைக்கிறது. பன்றிகள் ஜோன்ஸின் வீட்டில் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் க்ளோவருக்கு மனசில் உறுத்துகிறது. கட்டில் கூடாது என்று ஒரு விதி இருந்ததே. சுவருக்குப் போகிறது, எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது, முடியவில்லை. முரியலைக் கூட்டி வருகிறது. முரியல் சிரமப்பட்டுப் படிக்கிறது. கட்டிலில் விரிப்போடு படுக்கக் கூடாது என்றிருக்கிறது. விரிப்பைப் பற்றி ஏதும் இருந்ததாகக் க்ளோவருக்கு நினைவில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் முதலிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறது. பன்றிகளின் ஆணையில் சில விலங்குகள் கொல்லப்பட்ட பிறகும் இதேதான். அப்போது முதலில் பெஞ்சமினிடம் போய்ப் படித்துக் காட்டச் சொல்கிறது. இதிலெல்லாம் தலையிட மாட்டேன் என்று பெஞ்சமின் மறுத்துவிடுகிறது. மறுபடியும் முரியல்தான்.

வகுப்பில் கட்டிலைப் பற்றிய கட்டம் வரும்போது நான் படிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பேன். சில நொடிகளில் தாள் புரளும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள். விதியின் பழைய வாசகம் அங்கே அச்சில் இருக்கிறது. ஒரு விரலை அங்கே செருகிக்கொண்டு இன்னொரு கையால் ஆறாம் அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்ப்பார்கள். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “சார், மாத்திட்டாங்க” என்று எழுந்தே நின்றுவிட்டார். கதைசொல்லி அவருக்கு அதைச் சொல்லவில்லை. இந்த நாவலில் கதைசொல்லி, விலங்குகளுக்குத் தெரிந்ததற்கு மேல் வாயைத் திறப்பதே இல்லை. பால் காணாமல் போயிற்று என்பார், யார் எடுத்தது என்று அந்த இடத்தில் சொல்ல மாட்டார். சுவரில் இப்படி இருந்தது என்பார், யார் திருத்தியது என்று சொல்ல மாட்டார். க்ளோவரால் செய்ய முடியாத வேலையை வாசகர் செய்யட்டும் என்று புத்தகம் விட்டுவிடுகிறது. பக்கத்தைப் பின்னால் புரட்ட ஒரு கை இருந்தால் போதும்.

இதற்கு நேர் எதிரான வாசிப்பு ஒன்றும் பள்ளிகளில் நடக்கிறது. கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் பன்றித் தலைவன் நெப்போலியன், அந்தப் பக்கம் ஸ்டாலின். இந்தப் பக்கம் ஸ்னோபால், அந்தப் பக்கம் ட்ராட்ஸ்கி. காற்றாலை என்றால் ஐந்தாண்டுத் திட்டம், மோசஸ் என்ற காகம் திருச்சபை, நாய்கள் ரகசியப் போலீஸ். மாணவர் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார், கதை முடிந்துவிடுகிறது. அட்டவணை தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆர்வெல் ரஷ்ய வரலாற்றை நினைவில் வைத்துத்தான் எழுதினார், மிகக் கவனமாகவும் எழுதினார். 1945 மார்ச்சில், புத்தகம் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், பாரிஸிலிருந்து பதிப்பாளருக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்தன என்று எழுதியிருந்ததை, நெப்போலியன் தவிர என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர் நெருங்கி வந்தபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டு ஓடவில்லை, அதை மறைத்தால் நியாயமில்லை என்பது அவர் எண்ணம். யாரைக் கடுமையாகத் தாக்கி எழுதுகிறாரோ அவருக்கும் ஒரு சொல்லில் நியாயம் செய்துவிட்டுத்தான் புத்தகத்தை வெளியே விட்டார். மாணவர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி இது.

அட்டவணையில் அடங்காதவையும் நிறைய. லெனின் எங்கே என்று தேடிப் பாருங்கள். புரட்சிக்கு வித்திட்ட மேஜர் என்ற கிழப் பன்றிக்குள் மார்க்ஸையும் லெனினையும் சேர்த்துத் திணித்தால்தான் கணக்கு நேராகும். க்ளோவருக்கு நேராக வலப்பக்கம் யார் பெயரை எழுதுவது? யாருமில்லை. அட்டவணை போட்டுப் படிக்கும் வகுப்பில் க்ளோவர் காணாமல் போய்விடுவது இதனால்தான்.

இந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் மிகப் பெரிய வாசகர் ஒருவரும் சறுக்கியிருக்கிறார். அதுவும் பிரசுரத்துக்கு முன்பே. ஆர்வெல்லின் பழைய பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் முடியாது என்றார். ஜோனதன் கேப் நிறுவனம் முதலில் விரும்பி, பிறகு தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் ஆலோசனையைக் கேட்டுப் பின்வாங்கியது. அந்த அதிகாரி பீட்டர் ஸ்மாலெட், சோவியத்துக்கு வேலை பார்த்தவர் என்று பின்னாளில் தெரியவந்தது. ஆளும் கூட்டத்தைப் பன்றிகளாகக் காட்டாமல் வேறு விலங்காக மாற்றினால் என்ன என்றுகூடக் கேப் நிறுவனம் கேட்டிருந்தது. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி.எஸ். எலியட் 1944 ஜூலையில் எழுதிய கடிதம்தான் இதில் முக்கியமானது. எழுத்தை மெச்சிவிட்டு அவர் சொன்ன வாதம் இது: பன்றிகளே பண்ணையில் அறிவு மிக்கவை, ஆகவே நிர்வகிக்கத் தகுதியானவையும் அவைதான்; பண்ணைக்குத் தேவைப்பட்டது பொதுநலம் பேணும் பன்றிகள். அறிவுள்ளவர் ஆளட்டும், ஆனால் நல்லவராக இருக்கட்டும் என்கிறார். ஒரு கவிஞரின் இந்த வாசிப்பு எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பன்றிகள் கெட்டவை என்பதா ஆர்வெல்லின் குறை? எழுத்து ஒரு சாராரிடம் மட்டும் தங்கிவிட்டது, மற்றவர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள், அதுதான் குறை. கடைசியில் 1945 ஆகஸ்ட் 17ஆம் நாள் செக்கர் அண்ட் வார்பர்க் நிறுவனம் 4,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டது. மாலை வேளைகளில் அன்றன்று எழுதியதைக் கணவர் படிக்கக் கேட்ட ஆர்வெல்லின் மனைவி ஐலீன் அதற்குள், அந்த ஆண்டு மார்ச்சிலேயே, இறந்துபோயிருந்தார்.

பண்ணை எந்த நாளில் கெட்டது? இந்தக் கேள்விக்கு வகுப்பில் பல விடைகள் வரும். ஸ்னோபாலை நெப்போலியனின் நாய்கள் துரத்திய நாள் என்பார்கள். கொலைகள் நடந்த நாள் என்பார்கள். ஆர்வெல் 1946 டிசம்பரில் அமெரிக்க நண்பர் ட்வைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் தாமே இதைச் சொல்லியிருக்கிறார். பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தமக்கென எடுத்துக்கொண்டதுதான் திருப்புமுனை. 1921இல் க்ரான்ஸ்டாட் துறைமுகத்தில் மாலுமிகள் எழுந்ததையும் அவர்கள் ஒடுக்கப்பட்டதையும் அதோடு சேர்த்துச் சொல்கிறார். புரட்சி நடந்த மறுநாளே அது நடந்துவிடுகிறது. ஐந்து வாளி பால். இதை என்ன செய்வது என்று யாரோ கேட்கிறார்கள். முன்பெல்லாம் கொஞ்சம் எங்கள் தீவனத்தில் கலப்பார்களே என்று ஒரு கோழி நினைவூட்டுகிறது. பால் இருக்கட்டும், அறுவடை முக்கியம் என்று நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. எல்லாரும் வயலுக்குப் போகிறார்கள். சாயங்காலம் பால் இல்லை. அத்தியாயம் அதோடு முடிகிறது. ஒரு பத்திகூட நீளாத இந்தத் திருட்டை வாசகர்கள் தவறவிடுகிறார்கள் என்று ஆர்வெல்லுக்கே தெரிந்திருக்க வேண்டும். பி.பி.சி. வானொலிக்கு அவரே இந்தக் கதையை நாடகமாக்கியபோது, ஆப்பிள்களைப் பன்றிகளே வைத்துக்கொள்வது நியாயமா என்று விலங்குகள் தங்களுக்குள் முணுமுணுக்கும் சின்ன உரையாடல் ஒன்றைச் சேர்த்தார். 1947 ஜனவரி 14ஆம் நாள் ஒலிபரப்பாகும் முன் தயாரிப்பாளர் ரேனர் ஹெப்பன்ஸ்டால் அந்த வரிகளை வெட்டிவிட்டார். ஆசிரியரே மையம் என்று கருதிய இடம், அவரே எழுதித் தந்தும் நேயர் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

இப்போது திரைக்கு வருகிறேன். 1954இல் வந்த கார்ட்டூன் படம் ஜான் ஹாலஸ், ஜாய் பாட்சலர் என்ற தம்பதியின் படைப்பு. ஹாலஸ் புடாபெஸ்ட்டில் பிறந்து லண்டனில் குடியேறியவர். திரையரங்குக்கு வந்த முதல் முழுநீளப் பிரிட்டிஷ் அனிமேஷன் படம் இதுவே என்று பதிவாகியிருக்கிறது. எல்லா விலங்குகளுக்கும் மாரிஸ் டென்ஹாம் என்ற ஒரே நடிகர் குரல் கொடுத்தார். இசை மாட்யாஷ் ஷைபர். இத்தனை திறமைசாலிகள் கூடிய வேலை. பாக்ஸரைக் கொல்ல வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஓடும் வண்டிக்குப் பின்னால் அந்தக் கழுதை ஓடுகிற ஓட்டத்தை, எழுத்தால் அந்த அளவுக்குக் காட்ட முடியுமா என்று சந்தேகமே வரும்.

படத்துக்குப் பணம் வந்த வழி பல பத்தாண்டுகள் கழித்தே பொதுமக்களுக்கு முழுதாகத் தெரிந்தது. தயாரிப்பாளர் லூயி டி ராஷ்மான்ட். அவருக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. ஃப்ரான்சிஸ் ஸ்டானர் சாண்டர்ஸ் 1999இல் வெளியிட்ட நூலும், டேனியல் லீப் 2007இல் வெளியிட்ட நூலும் இதை விரிவாக எழுதுகின்றன. ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்துவிட்டார். திரைப்பட உரிமையை விற்றவர் அவருடைய இரண்டாம் மனைவி சோனியா. பணம் போட்டவர்களுக்கு நாவலின் கடைசிக் காட்சி உதவவில்லை. பன்றியும் மனிதனும் ஒன்றே என்றால், சோவியத் அரசும் அதோடு கைகுலுக்கும் முதலாளிகளும் ஒன்று என்றல்லவா ஆகிறது? ஆகவே படத்தின் கடைசியில் மனிதர்களே இல்லை. பன்றிகள் மட்டும் விருந்துண்கின்றன. ஜன்னல் வழியே பார்க்கும் பெஞ்சமினின் கண்ணுக்கு அவற்றின் முகம் ஜோன்ஸின் முகமாகத் தெரிகிறது. உடனே சுற்றுவட்டார விலங்குகள் திரண்டு வருகின்றன, பெஞ்சமின் முன்னே நடக்கிறது, மாளிகை தகர்கிறது. ஒரு புரட்சிக்கு இரண்டு புரட்சி.

இந்தப் படம் பல ஆண்டுகள் பள்ளிகளில் போட்டுக் காட்டப்பட்டது. உளவு நிறுவனம் கெடுத்துவிட்டது என்று சொல்லி இதை ஒதுக்குவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன், ஏனென்றால் புத்தகத்தையும் படத்தையும் அடுத்தடுத்து முடித்த ஒரு மாணவர் என்னிடம் படத்தின் பக்கம் நின்று வாதாடினார். “இவ்வளவு அநியாயம் நடந்தும் ஒருத்தரும் எழலைன்னா அது நம்பற மாதிரியே இல்லை சார்” என்றார். அவருக்கு எந்த உளவு நிறுவனமும் பணம் தரவில்லை. பதினெட்டு வயசின் நியாயமான கோபம் அது. நான் அவரைப் பத்தாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஆண்டுகள் ஓடிவிட்டன என்று அங்கே தொடங்குகிறது. பழைய நாட்களை நினைவில் வைத்திருப்பவை க்ளோவர், பெஞ்சமின், மோசஸ், சில பன்றிகள், அவ்வளவே. முரியல் செத்துப்போயிற்று. பாக்ஸரை ஒன்றிரண்டு விலங்குகள் தவிர மற்றவை மறந்துவிட்டன. வெளியூரிலிருந்து வாங்கிய குதிரைகளுக்குப் புரட்சி என்பது யாரோ சொன்ன சங்கதி. முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது கெட்டுவிட்டது என்று தெரியும்? ஆர்வெல் அந்த விலங்குகளைக் கோழைகள் என்று எங்கும் எழுதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவற்றிடம் ஒன்றும் மிச்சமில்லை என்றே எழுதுகிறார். மாணவர் முழுக்கச் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஜான் ஸ்டீவன்சன் இயக்கிய படம் வந்தது. ஜிம் ஹென்சன் பட்டறை செய்த இயந்திரப் பொம்மைகளும் உண்மையான விலங்குகளும் கலந்து நடித்தன. நெப்போலியனுக்குப் பாட்ரிக் ஸ்டுவர்ட், ஸ்குவீலருக்கு இயன் ஹோம், பாக்ஸருக்குப் பால் ஸ்கோஃபீல்ட் என்று பெரிய நடிகர்களின் குரல். களஞ்சியத்துக்குள் நெப்போலியனின் புகழ்பாடும் படம் ஓட்டிக் காட்டுவதாக ஒரு புதுச் சேர்க்கை உண்டு. அது நல்ல கற்பனை. சுவரெழுத்தின் வேலையைத் திரை எடுத்துக்கொள்ளும் காலத்தை அது ஒரே காட்சியில் சொல்லிவிடுகிறது. முடிவில் மட்டும் இந்தப் படமும் வழுக்குகிறது. சோவியத் ஒன்றியம் கலைந்து எட்டு ஆண்டு ஆகியிருந்த நேரம். நெப்போலியனின் ஆட்சி தானே இடிந்து விழுகிறது. ஒளிந்திருந்த சில விலங்குகள் திரும்பி வருகின்றன. பாட்டுச் சத்தத்தோடு ஒரு கார் வருகிறது, அதில் புதிய மனிதக் குடும்பம், நல்ல எஜமானர்கள். 1954 படத்தில் விலங்குகள் தாமே எழுந்து முடிவைத் தேடிக்கொண்டன. இதில் அதுவும் இல்லை, புது முதலாளி வந்து காப்பாற்றுகிறார். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் இதுதான் என்பேன். மனிதனே எதிரி என்று மேஜர் கிழவன் முதல் நாள் இரவு பேசிய பேச்சையே இந்த முடிவு ரத்து செய்துவிடுகிறது.

இந்தப் படத்தின் கதையைச் சொல்வது ஜெஸ்ஸி என்ற நாய். நாவலில் அதன் பங்கு கொஞ்சந்தான். ஈன்ற குட்டிகளை நெப்போலியன் பறித்துக்கொண்டு போகும். படத்தில் அது எல்லாவற்றையும் பார்க்கிறது, புரிந்துகொள்கிறது, வருந்துகிறது, நமக்குச் சொல்கிறது. 1954 படத்தில் அந்தக் கண் பெஞ்சமினுக்குப் போயிற்று. 2025 ஜூனில் அன்னெசி அனிமேஷன் விழாவில் திரையிடப்பட்ட ஆண்டி செர்கிஸின் படத்தில் லக்கி என்றொரு பன்றிக்குட்டியையே புதிதாகப் படைத்து நடுவில் வைத்திருக்கிறார்கள். மூன்று தலைமுறைக் கலைஞர்கள், மூன்று வேறு காலம், செய்தது ஒன்றே. உண்மை தெரிந்த நல்லவர் ஒருவரைப் பார்வையாளருக்குத் துணையாக உட்கார வைத்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால், திரைக்கலையின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கேமரா எங்காவது நின்றாக வேண்டும். பால் வாளியைக் காட்டினால், பால் எங்கே போயிற்று என்பதைக் காட்டுகிறதா இல்லையா என்று முடிவு செய்தாக வேண்டும். சுவரைக் காட்டினால், பழைய எழுத்தையும் திருத்திய எழுத்தையும் பார்வையாளர் கண்முன்னே வைத்துவிடும். வைத்த மாத்திரத்தில் நாம் எல்லாம் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறோம், விலங்குகள் ஏமாளிகள் ஆகிவிடுகின்றன. அவற்றைப் பார்த்து இரக்கப்படலாம், அவற்றைப் போல ஏமாற வழியில்லை. புத்தகத்தில் நாமே ஏமாறுகிறோம். விரிப்பைப் பற்றி விதியில் இருந்ததா என்று நமக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அந்த ஒரு கணத் தடுமாற்றம், க்ளோவர் சுவர் முன்னே நின்ற தடுமாற்றம், அது வாசிப்பில் மட்டும் கிடைக்கிறது.

பெஞ்சமின் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஓர் இரவு களஞ்சியத்தில் தடால் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஏணி முறிந்து கிடக்கிறது, ஸ்குவீலர் மயங்கிக் கிடக்கிறது, பக்கத்தில் விளக்கு, தூரிகை, கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட். எவருக்கும் விளங்கவில்லை. பெஞ்சமின் மட்டும் புரிந்தாற்போலத் தலையை ஆட்டிக்கொள்கிறது. சொல்வதில்லை. பிறகு பாக்ஸரை ஏற்றிப்போக வண்டி வந்த நாளில் முதன்முறையாகக் கத்துகிறது. முட்டாள்களே, வண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையா என்று. முரியல் எழுத்துக் கூட்டத் தொடங்க, அதை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே படிக்கிறது. குதிரைகளை அடித்துப் பசை காய்ச்சும் வியாபாரியின் பெயர். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அதுவரை படிக்க மறுத்தவர், உயிர் நண்பனுக்காக முதன்முறையாகப் படித்தார், நேரம் கடந்து படித்தார். மூன்று நாள் கழித்து ஸ்குவீலர் தரும் விளக்கத்தையும் கவனியுங்கள். வண்டியை மருத்துவர் வாங்கிவிட்டாராம், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லையாம். எழுத்தே பொய் என்று சொல்லியாகிவிட்டது. விலங்குகளுக்கு நிம்மதி. இந்தக் கழுதையை 1954 படம் புரட்சித் தலைவனாக்கியபோது, நாவலில் மிகக் கடுமையாக விசாரிக்கப்பட்டவரை விடுதலை செய்து மாலையும் போட்டு அனுப்பிவிட்டது. படித்தவர்களாகிய நமக்கு அந்த மாலை சுகமாக இருக்கும். எனக்கு அது வேண்டாம்.

பள்ளித் தேர்வைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தேர்வில் இந்த நூல் பாடமாகத் தொடர்கிறது. 2015இல் தொடங்கி 2017இல் முதல் தேர்வு கண்ட புதிய முறைப்படி மாணவர்கள் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோகக் கூடாது. மேற்கோள்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் எழுதவேண்டும். வேறு நூலுக்கு இது சரிப்படலாம். நினைவை நம்பாதே, எழுத்தைப் போய்ப் பார் என்று மன்றாடும் ஒரு நூலை, எழுத்தைக் கண்ணில் காட்டாமல் தேர்வு நடத்துவது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. ஏழு விதிகளின் இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதச் சொல்லும் ஒரு கேள்வி, புத்தகம் திறந்திருந்தால்தானே சாத்தியம்?

அட்டவணையும் தேர்வும் இல்லாமல் இந்த நூலைப் படித்தவர்கள் உண்டு. போருக்குப் பின் ஜெர்மனியில் அகதி முகாம்களில் தங்கியிருந்த உக்ரைனியர்களுக்காக இஹோர் ஷெவ்சென்கோ செய்த மொழிபெயர்ப்பு 1947இல் வெளிவந்தது. ஆர்வெல் அதற்குத் தனி முன்னுரை எழுதிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. ஒடுங்கிய பாதையில் பத்து வயதுச் சிறுவன் ஒரு பெரிய வண்டிக்குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிப்போவதைப் பார்த்தபோதுதான், தன் பலம் தெரிந்தால் அந்தக் குதிரை என்ன செய்யும் என்று இந்தக் கதை பிறந்தது என்று அதில் சொல்கிறார். அச்சான படிகளில் ஒரு பகுதியை அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பறித்து சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். சில ஆண்டுகளில் இதே அமெரிக்க அரசின் பணத்தில் படம் தயாராயிற்று என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 2001இல் ஜிம்பாப்வேயில் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் இந்தக் கதையைத் தொடராக வெளியிட்டது. எந்தப் பன்றி யார் என்று அந்த வாசகர்களுக்குக் கரும்பலகையில் கோடு போட்டு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். படங்களைக் காட்டுங்கள், தாராளமாகக் காட்டுங்கள், ஆனால் புத்தகம் முடிந்த பிறகு காட்டுங்கள். 1954, 1999 ஆகிய இரண்டு படங்களின் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்துப் போடுங்கள். யாருக்காக இந்த முடிவு மாற்றப்பட்டது என்ற கேள்வியை மாணவர்களே கேட்பார்கள். புத்தகத்தைப் படிக்கும்போது வகுப்பைப் பண்ணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் முரியல், ஒருவர் மோலி, நாலைந்து பேர் ஆடுகள், ஒருவர் பெஞ்சமின். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் அன்றைக்கு அந்த விலங்குக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்தந்த மாணவர் எழுந்து சொல்லட்டும். பெஞ்சமினாக இருப்பவரை மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். க்ளோவராக இருக்கும் மாணவர் மட்டும் புத்தகத்தைப் பின்னால் புரட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த அத்தியாயத்துக்கு வேறொருவரைக் க்ளோவராக்குங்கள். பாடம் முடிவதற்குள் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும்.